சாம்பல் அணில்குட்டியை எடுத்து வளர்த்துவிட்டோம், இனி என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மார்ச் தொடக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மரம் தறித்தபோது ஓர் அணில்கூடு எங்கள் வளவுக்குள் விழுந்தது. உரோமம் முளைக்காத குட்டி ஒன்று உயிரோடு கிடந்தது. என் 12 வயது மகள் அதை எடுத்துத் துணியில் சுற்றி, நாய்க்குட்டிப் பால்மாவைக் கரைத்துச் சிரிஞ்சால் பருக்கி வளர்த்தாள். இப்போது ஐந்து கிழமையாகிறது. கண் திறந்துவிட்டது, அவளின் தோளை விட்டு இறங்குவதில்லை. பள்ளித் தோழியின் தாய் இது சட்டவிரோதம் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரையில்லை. ரிச்மண்ட் பார்க்கில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். "அணிற்பிள்ளையைக் கொல்லக் கொடுத்தால் பெரும் பாவம்" என்று அம்மா அழுகிறார். லைசென்ஸ் எடுத்து வளர்க்க முடியுமா? பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். அதற்கு இடைஞ்சல் வருமா?

பதில்: தங்கச்சி, முதலில் கணவரிடம் சொல்லுங்கள், ரிச்மண்ட் பார்க் பயணம் வேண்டாம். இவ்வளவு நாளும் நீங்கள் செய்ததை விட அதுதான் பாரதூரமான குற்றம். மற்றவற்றை ஆறுதலாகப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் பூங்காவுக்குப் பூங்கா ஓடித் திரிகிற சாம்பல் அணில் இந்த நாட்டுப் பிராணி அல்ல. வட அமெரிக்காவிலிருந்து வந்தது. 1876இல் செஷயரில் ஹென்பரி என்ற இடத்தில் திறந்துவிட்டதுதான் பதிவில் உள்ள ஆரம்ப நிகழ்வு. வசதியான வீட்டுக்காரர்கள் தோட்டத்துக்கு அழகு என்று நினைத்து அதன் பின்னும் பல ஊர்களில் விட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த சிவப்பு அணில் அதன் பிறகு பின்வாங்கத் தொடங்கியது. உணவுப் போட்டி ஒரு காரணம். அதைவிடக் கொடியது அணிலம்மை வைரஸ். சாம்பல் அணில் அதைத் தன் உடலில் சுமந்துகொண்டு சுகமாகத் திரியும், சிவப்பு அணிலுக்குத் தொற்றினால் அநேகமாக இரண்டு கிழமைக்குள் செத்துவிடும். இன்று பிரித்தானியத் தீவில் சாம்பல் அணில்கள் 25 இலட்சத்துக்கும் மேல் என்றும், சிவப்பு அணில்கள் 3 இலட்சத்துக்கும் குறைவு என்றும் மதிப்பிடுகிறார்கள். சிவப்பு அணில்களில் பெரும்பங்கு ஸ்கொட்லாந்தில். தெற்கே வைட் தீவு, பிரவுன்சீ தீவு போல கடல் காவல் காக்கும் இடங்களில்தான் அவை மிஞ்சியிருக்கின்றன.

இந்தக் கதையைச் சொல்லாமல் சட்டத்தைச் சொன்னால் உங்களுக்கு அது வெறும் கொடுமையாகத் தெரியும்.

சாம்பல் அணிலை வைத்திருப்பதற்கான தடை நேற்றுப் போட்டதல்ல. மஸ்க்ராட் என்ற நீர் எலியைத் தடுக்க 1932இல் அழிவு விளைவிக்கும் இறக்குமதி விலங்குகள் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் கீழ் 1937இல் வந்த ஆணை, சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதையும் வைத்திருப்பதையும் தடுத்தது. அடுத்தது 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம். அதன் 14ஆம் பிரிவும் 9ஆம் அட்டவணையும் இந்த அணிலை வெளியில் விடுவதையோ தப்பிச் செல்ல இடம்கொடுப்பதையோ குற்றமாக்கின. மேல் நீதிமன்றம் வரை போனால் 2 ஆண்டு வரை சிறை. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் வெளியிட்ட முதலாவது ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலிலும் சாம்பல் அணில் இருந்தது. அந்த விதிகளை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்டனையோடு நடைமுறைப்படுத்தும் ஆணை 2019 டிசம்பர் 1இல் அமுலுக்கு வந்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் அது நீங்கவில்லை. வைத்திருப்பது, இனம்பெருக்குவது, கொண்டு செல்வது, விற்பது, கைமாற்றுவது, வெளியில் விடுவது எல்லாம் அதில் அடங்கும்.

பட்டியல் வர முன்னரே செல்லப்பிராணியாக இருந்ததை அதன் ஆயுள் முடியும் வரை வைத்திருக்கலாம் என்று அந்த விதிகளில் ஒரு சலுகை உண்டு. சைபீரியக் கோட்டு அணில் வளர்த்தவர்களுக்கு அது கைகொடுத்தது. உங்களுக்கு யாராவது அந்தச் சலுகையைக் காட்டி நம்பிக்கை தந்தால் எடுக்காதீர்கள். உங்கள் குட்டி இந்த வருடம் பிறந்தது.

லைசென்ஸ் பற்றிக் கேட்டீர்கள். ஆராய்ச்சிக்கும், விலங்கியல் நிலையங்கள் செய்யும் பாதுகாப்பு வேலை போன்ற சில தேவைகளுக்கும் அனுமதி கொடுக்க வழி இருக்கிறது. பிள்ளை ஆசையாக வளர்க்கிறாள் என்பது அந்த வாசல் எதற்குள்ளும் நுழையாது. விண்ணப்பப் படிவத்தைத் தேடி நாட்களைச் செலவழிக்க வேண்டாம். யூரியூப்பில் அணில் வளர்ப்பவர்களைப் பார்த்துவிட்டு "அவர்கள் செய்கிறார்களே" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. அங்கே எடுத்த வீடியோ ஹாரோவில் உங்களுக்குச் சாட்சி சொல்ல வராது.

வளர்க்கவும் கூடாது, விடவும் கூடாது என்றால் மிச்சம் என்ன என்று கேட்பீர்கள். இந்த இடத்தில்தான் எனக்கும் மனம் கனக்கிறது. உங்கள் மகள் எடுத்தது ஒரு சிவப்பு அணில்குட்டி என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு அணில் 1981 சட்டத்தின் 5ஆம் அட்டவணையில் உள்ள பாதுகாக்கப்பட்ட பிராணி, அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஆனால் அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: இயலாமல் கிடந்த பிராணியைப் பராமரித்துத் தேறியதும் விடுவதற்காக எடுத்தால் அது குற்றமாகாது. அந்தக் கதவு சாம்பல் அணிலுக்கு இல்லை. முன்பு சில மீட்பகங்களுக்குச் சில பகுதிகளில் விடுவதற்கு அனுமதிப்பத்திரம் கொடுத்து வந்தார்கள். 2019இல் இங்கிலாந்தில் அதுவும் நின்றுபோனது. அதனால் வைத்தியரிடம் கொண்டுபோகும் சாம்பல் அணிலுக்கு, அது முழுச் சுகத்தோடு இருந்தாலும், பெரும்பாலும் ஊசி போட்டு நித்திரையாக்குவதுதான் முடிவு.

சிவப்பு அணிலைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் சிவப்பு அணிலே இல்லாத லண்டனில், மரம் தறித்து விழுந்த ஒரு குட்டியைத் திரும்ப அதே மரத்தடியில் விடுவதால் எந்தச் சிவப்பு அணில் சாகப்போகிறது? கருத்தடை செய்து விடுவதற்காவது இடம் வைத்திருக்கலாம். சட்டத்தை மாற்றக் கேட்பதானால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதலாம், அது உங்கள் உரிமை. உங்கள் கையில் இருக்கும் குட்டிக்கு அது உதவாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு வழி இருக்கிறது, ஒடுக்கமான வழிதான். சாம்பல் அணிலை வெளியில் விடாமல், அடைப்புக்குள் அதன் ஆயுள் முழுக்க வைத்துப் பராமரிக்க அனுமதி பெற்ற மீட்பகங்கள் மிகச் சில உண்டு. அவற்றில் இடம் கிடைப்பது அரிது. நாளைக் காலை முதல் வேலையாகத் தொலைபேசியில் கேளுங்கள். "சாம்பல் அணிலை வைத்திருக்க உங்களுக்கு எழுத்து மூலமான அனுமதி இருக்கிறதா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அனுமதி இல்லாத ஓர் அன்பான மனிதரிடம் ஒப்படைத்தால், கைமாற்றிய குற்றமும் உங்களோடு சேரும், அவரையும் மாட்டிவிட்டதாகும். இடம் கிடைக்காவிட்டால் அருகிலுள்ள மிருக வைத்தியருக்கு எடுத்து நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள். கொண்டு செல்வதும் தடைப்பட்டியலில் இருப்பதால், அவர்கள் வரச்சொன்ன பிறகு மூடிய கூடையில் வைத்து நேரே அங்கே போங்கள். வழியில் கோயில், கடை என்று நிற்க வேண்டாம். அழைத்த நேரத்தையும் பேசியவரின் பெயரையும் குறித்து வையுங்கள். நாளை யாராவது கேட்டால், அறிந்தவுடன் சரியானதைச் செய்தீர்கள் என்பதற்கு அந்தக் குறிப்பு ஆதாரம்.

அதுவரை குட்டி உங்கள் பொறுப்பு. 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், காட்டுப் பிராணியாக இருந்தாலும் உங்கள் கைக்கு வந்த கணத்திலிருந்து அதை வீட்டு நாய்க்குச் சமமாகப் பார்க்கிறது. பட்டினி போட்டாலோ வதைத்தாலோ குற்றம். 2021 ஜூன் முதல் வதைக்கான உச்ச தண்டனை 5 ஆண்டு சிறை. சட்டவிரோதமான பிராணிதானே, நாமே முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். 2010இல் பர்ட்டன் ஊரில் ஒருவர் தோட்டத்தில் பொறியில் பிடித்த சாம்பல் அணிலைத் தண்ணீர்ப் பீப்பாயில் அமிழ்த்திக் கொன்று நீதவான் நீதிமன்றம் ஏறினார். தண்டனை இல்லாமல் நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டார், வழக்குச் செலவாக 1,500 பவுண்ஸுக்கு மேல் கட்டினார். லொஃப்டில் அணில் புகுந்து வயரைக் கடிக்கிறது என்று பொறி வைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். பிடித்துவிட்டால் அடுத்த தெருவில்கூட விட முடியாது, கண்டபடி கொல்லவும் முடியாது. பொறியே வைக்காமல், குட்டி இல்லாத காலம் பார்த்து ஓட்டையை அடைப்பதுதான் வீட்டுக்காரருக்கும் அணிலுக்கும் நல்லது.

உங்கள் இரண்டு பயங்களுக்கு வருகிறேன். மகளுக்கு 12 வயது. இங்கிலாந்தில் குற்றப் பொறுப்பு 10 வயதில் தொடங்குகிறது, அதனால் அவள் வயது தானாகவே அவளை விலக்கிவிடாது. ஆனால் சான்று இருப்பது மட்டும் இங்கே வழக்கு வைக்கப் போதாது, வழக்குப் போடுவது பொதுநலனுக்கு ஏற்றதா என்றும் பார்க்க வேண்டும். விழுந்த குட்டியைக் காப்பாற்றப் பால் பருக்கிய பிள்ளையையோ, தெரிந்தவுடன் வைத்தியரிடம் கொண்டுவந்த தாயையோ நீதிமன்றத்துக்கு இழுப்பதில் என்ன பொதுநலன்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதற்காக நித்திரையை விடமாட்டேன். தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் கூட்டில் வைத்து, வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டுக்கொண்டிருந்தால் என் பதில் வேறு. இருக்கிற படங்களை இனிப் பரப்பாதீர்கள்.

குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை பார்ப்பார்கள். தீர்ப்பில் குற்றவாளியாகக் காணப்பட்டாலோ பொலிஸ் எச்சரிக்கை பெற்றாலோ அதை மறைக்காமல் எழுத வேண்டும், சிறிய விடயமானாலும் மறைத்தது தெரிந்தால் அதுவே பெரிய கறையாகிவிடும். வைத்தியரிடம் பிராணியை ஒப்படைப்பது இவற்றில் எதுவுமல்ல. பூங்காவில் அணிலை அவிழ்த்துவிடுவதை யாராவது ஃபோனில் படம் பிடித்து முறைப்பாடு செய்தால் கதை மாறும். விண்ணப்பத்துக்கு முந்திய மாதத்தில் அப்படியொரு அபாயத்தை ஏன் தேடிப்போக வேண்டும்? மனிதர் கையில் வளர்ந்த அந்தக் குட்டிக்குக் கூடு கட்டவோ பருந்துக்கு ஒளியவோ தெரியாது. ரிச்மண்ட் பார்க்கில் விட்டால் அதற்கும் அது விடுதலையாகாது.

நான் சொல்வது இங்கிலாந்துச் சட்டம். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் அங்குள்ள சட்டத்தரணியிடம் கேட்கவும், அங்கே சட்டம் தனி.

இதை வாசிக்கும் மற்ற வீட்டாருக்கும் ஒன்று. இங்கே அணில் வருடத்தில் இரண்டு முறை குட்டி போடும், வசந்தத்தின் தொடக்கத்தில் ஒன்று, கோடையில் ஒன்று. மரம் தறிப்பதானால் முதலில் அண்ணாந்து பார்த்து, இலையும் சுள்ளியும் சேர்ந்த பந்து போன்ற கூடு இருக்கிறதா என்று கவனியுங்கள். குட்டி விழுந்து காயமில்லாமல் இருந்தால் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். மரத்தடியில் ஒரு திறந்த பெட்டியில், குளிராமல் துணியோடு வைத்து, பூனையையும் நாயையும் உள்ளே பூட்டிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். தாய் அணிலுக்கு மாற்றுக்கூடு இருக்கும். வந்து வாயில் கவ்விக்கொண்டு போகும். வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் சட்டம் எல்லாப் பக்கமும் அடைக்கிறது.

அம்மா சொன்ன பாவத்தைப் பற்றி நான் வாதாட மாட்டேன். இராமர் தடவிய கோடுள்ள அணிலைப் பார்த்து வளர்ந்தவர், கோடில்லாத இந்த அணிலையும் அணிற்பிள்ளை என்றுதான் பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்க்கிறேன். மகளிடம் மட்டும் பொய் சொல்லாதீர்கள். "பண்ணையில் விட்டுவிட்டோம்" என்று சொன்னால் பிறகு எங்காவது வாசித்து அறிந்துகொள்வாள். தொலைபேசி அழைப்புகளை எடுக்கும்போது அவளையும் பக்கத்தில் இருத்துங்கள், வைத்தியரிடம் போக வேண்டி வந்தால் அவள் விரும்பினால் கூட்டிப்போங்கள். முடிவு எப்படி வந்தாலும், அதை ஐந்து கிழமை உயிரோடு வைத்திருந்தது அவள்தான் என்பதை வைத்தியரின் வாயால் கேட்கட்டும்.