மாட்டினால் மட்டும் போதுமா? லென்ஸ், சென்சார்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என்னிடம் கேனன் 200டி இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் 6டி மார்க் 2 பாடி ஒன்று வருகிறது. பழைய 18-55 கிட் லென்ஸை வைத்தே கொஞ்ச நாள் ஓட்டலாமா?

பதில்: முடியாது தம்பி, மாட்டவே மாட்டாது. அது இஎஃப்-எஸ் லென்ஸ், அதாவது 200டி போன்ற சின்ன (கிராப்) சென்சார் கேமராக்களுக்கென்று கேனன் செய்தது. 6டி-யில் இருப்பது பெரிய சென்சார், ஃபுல் ஃபிரேம் என்பார்கள். லென்ஸின் பின்பக்கம் ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கும், பாருங்கள். 200டி மவுன்ட்டில் (லென்ஸ் மாட்டும் வாயில்) வெள்ளைச் சதுரம், சிவப்புப் புள்ளி இரண்டும் உண்டு. 6டி-யில் சிவப்புப் புள்ளி மட்டும்தான். இஎஃப்-எஸ் லென்ஸின் பின்பகுதி உள்ளே நீளும். ஃபுல் ஃபிரேம் பாடிக்குள் இருக்கும் பெரிய கண்ணாடி, படம் எடுக்க எழும்போது அதில் இடித்துவிடும் என்றுதான் கேனன் இப்படித் தடுத்திருக்கிறது. நிக்கானில் இந்தத் தொல்லை இல்லை. டிஎக்ஸ் (கிராப்) லென்ஸை எஃப்எக்ஸ் (ஃபுல் ஃபிரேம்) பாடியில் போட்டால், கேமரா நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

சிவப்புப் புள்ளி வைத்த 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ் கையில் இருந்தால் அது இரண்டிலும் ஓடும். பாடிக்கே காசு சரியாகிவிடும் என்றால், என்னைக் கேட்டால், 200டி-யிலேயே இருங்கள்.

கேள்வி: சார், சோனி ஏ6400-க்கு சிக்மா 16 எம்எம் எஃப்/1.4 வாங்கப் போகிறேன். கிராப் சென்சாருக்கென்றே செய்த லென்ஸ் என்பதால் 1.5-ஆல் பெருக்க வேண்டாம் என்கிறார் கடைக்காரர். சரியா?

பதில்: தவறு. பெருக்கத்தான் வேண்டும். உங்கள் சென்சாரைவிட ஃபுல் ஃபிரேம் 1.5 மடங்கு பெரியது, ஆகவே அந்தக் கணக்கில் அது 24 எம்எம் கோணம். லென்ஸில் அச்சிட்டிருப்பது அதன் குவியத் தூரம். யாருக்காகச் செய்தாலும் அந்த எண் மாறாது.

மாறுவது ஒளிவட்டம், அதாவது லென்ஸ் சென்சார் மேல் விழச் செய்யும் வட்டப் படத்தின் அளவு. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ., மூலைக்கு மூலை 43. உங்கள் கேமராவில் 23.5×15.6, மூலைக்கு மூலை 28. கிராப் லென்ஸ் இந்த 28-ஐ மூடினால் போதும், அதனால் சின்னதாக, மலிவாகச் செய்ய முடிகிறது. சந்தேகம் இருந்தால் கடையிலேயே ஒரு ஃபுல் ஃபிரேம் 16-35-ஐ 16-இல் வைத்து, இரண்டையும் உங்கள் பாடியில் மாட்டிப் பாருங்கள். ஒரே கோணம்தான் வரும்.

கேள்வி: லென்ஸின் திறப்பைச் சொல்லும் எஃப் எண்ணையும் பெருக்கணுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: எக்ஸ்போஷருக்கு (வெளிச்சக் கணக்குக்கு) வேண்டாம், பின்னணி மங்கலுக்கு வேண்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் (இன்னும் சின்ன சென்சார், இதில் 2-ஆல் பெருக்க வேண்டும்) 25 எம்எம் எஃப்/1.7 போட்டால் ஷட்டர் கணக்கு எங்கும் இருக்கிற அதே எஃப்/1.7. ஆனால் அதே இடத்தில் நின்று ஃபுல் ஃபிரேமில் 50 எம்எம்-ஐ எஃப்/3.4-இல் எடுத்தால் என்ன மங்கல் வருமோ, அதுதான் இதில் வரும். சூப்பர்ஜூம் கேமராக்காரர்கள் எம்எம்-ஐ மட்டும் பெருக்கி விளம்பரம் செய்துவிட்டு எஃப் எண்ணை அப்படியே விட்டுவிடுவார்கள். கெட்டிக்காரர்கள்.

கேள்வி: வேடந்தாங்கலில் பறவை எடுக்க நிக்கான் 200-500 லென்ஸ் வைத்திருக்கிறேன். கிராப் கேமராவான டி500-ஐ விற்றுவிட்டு ஃபுல் ஃபிரேம் டி850-க்குப் போனால் எட்டும் தூரம் குறையுமா?

பதில்: குறையாது. டி850-ஐ டிஎக்ஸ் கிராப்பில் வைத்தால் 19 மெகாபிக்ஸலுக்கு மேல் கிடைக்கும். டி500 தருவது 20.9. கொக்கின் மேல் விழும் பிக்ஸல் கிட்டத்தட்ட ஒன்றே. இதையே டி750 என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அதுவும் ஃபுல் ஃபிரேம்தான், ஆனால் கிராப் செய்தால் 10 மெகாபிக்ஸல்தான் மிஞ்சும்.

கேள்வி: அப்பாவின் ஜெனிட் கேமராவில் இருந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸை, எம்42 (பழைய திருகு மவுன்ட்) வளையம் வாங்கி நிக்கான் டி5300-இல் மாட்டினேன். பக்கத்தில் பளிச்சென்று வருகிறது, தூரத்தில் எதுவும் ஃபோகஸ் ஆவதில்லை. லென்ஸ் போய்விட்டதா?

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும். எம்42 லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தூரத்தில் உட்கார வேண்டும். நிக்கான் மவுன்ட்டே 46.5-இல் இருக்கிறது. வளையம் இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது. அப்புறம் எங்கே இன்ஃபினிட்டி, அதாவது வெகுதூர ஃபோகஸ்? உள்ளே கண்ணாடித் துண்டு வைத்த அடாப்டர்களும் விற்கின்றன, ஆனால் படம் கெடும். ஹீலியோஸுக்கு அதைச் செய்யாதீர்கள்.

கேனன் இஎஃப் 44 மி.மீ., ஆகவே மெல்லிய வளையமே போதும். சோனி இ மவுன்ட் 18 மி.மீ.; மிச்சமுள்ள 27-ஐ ஒரு வெற்றுக் குழாய் நிரப்பிவிடும். நண்பர் யாரிடமாவது சோனி இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழ அனுமதிக்கும் அமைப்பை முதலில் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் படம் விழாது.