கேபிள் மாற்றினால் பாட்டு மாறுமா?

கேள்வி: என் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 5 மீட்டர் கேபிள் ஓட வேண்டும். விலை உயர்ந்த கேபிள் போட்டால்தான் இசை துல்லியமாகக் கேட்கும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: நண்பரின் காது மேல் எனக்குக் கோபமில்லை, பணம் உங்களுடையது என்பதால் சொல்கிறேன், வேண்டாம். கேபிளில் பார்க்க வேண்டியது செம்பின் தடிமன். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், போக 5, வர 5 என்று 10 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தூசு. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள், 0.07 ஓம்தான் வரும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் கடையில் இருக்கும். அதற்கு மின்தடை கூடுதல், தவிருங்கள்.

என் வீட்டில் ஒருமுறை, உரித்த முனையிலிருந்து பிரிந்த மயிரிழை போன்ற ஒரே ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டது. ஆம்ப்ளிஃபயர் பட்டென்று அணைந்துவிட்டது. அன்றிலிருந்து இழைகளை இறுக முறுக்காமல் செருகுவதே இல்லை. பிளஸ், மைனஸையும் கவனியுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் மத்தளத்தின் அடி மெலிந்துவிடும். பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்துபோவார். பலர் இதைத்தான் ‘மட்டமான கேபிள்’ என்று திட்டுகிறார்கள்.

பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ஆர்சிஏ கேபிள் வேறு சங்கதி. அதற்குள் இரைச்சலைத் தடுக்கும் நல்ல உலோக உறை (ஷீல்டு) வேண்டும். மின்சார வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ‘ம்ம்’ என்ற இரைச்சல் புகுந்துவிடும்.