ஹெட்போன் காது மெத்தை: எந்த அளவு, எந்தத் துணி, எந்த ஒட்டு?

காதை முழுதாக மூடாமல் காதின் மேலேயே அமரும் சிறிய ஹெட்போன்களின் மெத்தை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்திருக்கிறோம்.

மகள் இணைய வகுப்புக்குப் பாவிக்கும் ஹெட்போனின் மெத்தை கறுப்புக் கறுப்பாக உரிந்து கன்னத்தில் ஒட்டுகிறது. கடையில் கேட்டால் "என்ன சைஸ்?" என்கிறார்கள். பழைய மெத்தையை அளந்தால் 74 மி.மீ. வருகிறது. 70, 75 இரண்டும் விற்பனைக்கு இருக்கின்றன. எதை வாங்குவது?
– வாசகி, கொக்குவில்

பெரும்பாலும் 70 தான் சரிவரும். நாள்பட்ட மெத்தை நசிந்து ஓரம் பிதுங்கிவிடும். அதை அளந்தால் சில மில்லிமீற்றர் கூடத்தான் காட்டும். அளக்க வேண்டியது மெத்தை பூட்டப்பட்டிருக்கும் தட்டை.

பழைய மெத்தையை ஒரு பக்கத்தால் மெதுவாக உருவினால், ஸ்பீக்கரைச் சுற்றி வட்டமான பிளாஸ்ரிக் தட்டு தெரியும். அதன் விளிம்புக்குப் பின்னால் நகம் நுழையும் அளவுக்கு ஒரு நீக்கல் ஓடும். மெத்தையின் பின்பக்க மடிப்பு அந்த நீக்கலுக்குள் மாட்டித்தான் நிற்கிறது. அடிமட்டத்தைத் தட்டின் முகத்தில் வைத்துக் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை அளவெடுங்கள். இரண்டும் ஒன்றானால் வட்டம். வேறுபட்டால் நீள்வட்டம், அப்போது இரண்டு அளவையும் கொடுத்தே வாங்க வேண்டும்.

வட்ட மெத்தைகள் பொதுவாக 50, 55, 60 என்று ஐந்து ஐந்தாகக் கூடிய அளவுகளில் வருகின்றன. தட்டு 70 என்றால் 70 வாங்குங்கள். 72 என்றாலும் 70 தான், மடிப்பு இழுபட்டுக் கொடுக்கும். 67, 68 என்று வந்தால், 70ஐத் தொளதொளவென்று விடுவதைவிட 65ஐ இழுத்துப் பூட்டுவது மேல். தொய்ந்த மெத்தை நழுவும். அதன் பின்னால் காற்றும் ஒழுகும். ஆனால் நாலு மில்லிமீற்றருக்கு மேல் இழுத்தால் தையல் வாய்விடும். சோனி, ஜேபிஎல் நிறுவனங்களின் விலை குறைந்த, காதின் மேல் அமரும் ஹெட்போன்கள் பலவற்றுக்கு 70 மி.மீ. மெத்தைதான் விற்கிறார்கள். அப்படியிருந்தும் தட்டை ஒருமுறை அளந்துவிட்டுப் போங்கள்.

விட்டத்தோடு இன்னும் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று உயரம். நசிந்த மெத்தையின் உயரத்தை நம்ப முடியாது. புதிதாக வாங்கியபோது எடுத்த படம் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் 15 மி.மீ. அளவில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். மற்றது நடு ஓட்டை. ஸ்பீக்கரின் துளைகள் எல்லாம் அந்த ஓட்டைக்குள் தெரிய வேண்டும். மெத்தையின் மடிப்பு துளைகளில் ஒரு பகுதியை மறைத்தாலும் கூர்ச்சத்தம் மங்கிவிடும்.

பூட்டும்போது பலர் மெத்தையை நாலு பக்கமும் ஒரேயடியாக இழுக்கிறார்கள். கிழிவது அப்போதுதான். மடிப்பின் ஒரு ஓரத்தை நீக்கலுக்குள் கொழுவி, அந்த இடத்தை இடது பெருவிரலால் அமத்திப் பிடியுங்கள். காலாவதியான வங்கி அட்டையின் மூலையால் மடிப்பைத் தள்ளித் தள்ளி வட்டமாகப் போங்கள். கடைசி இரண்டு சென்ரிமீற்றர் முரண்டு பிடிக்கும். அந்த இடத்தில் மெத்தையைப் பிடித்து மெல்லத் திருகினால் தானாக உள்ளே விழும். திருப்புளி வேண்டாம். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. இரும்பு முனையை அது தன் பக்கம் இழுக்கும், இமைப்பொழுதில் மெல்லிய சவ்வு ஓட்டையாகிவிடும்.

கனடாவில் இருந்து வந்தவர்கள் இரண்டு சோடி மெத்தை கொண்டுவந்து தந்தார்கள். ஒரு சோடியைப் பூட்டினேன். மற்றதைப் பெட்டியோடு அலுமாரியில் வைத்தேன். பாவிக்காமலே அதுவும் உரிந்துவிட்டது. போலிச் சாமானா?
– வாசகர், பருத்தித்துறை

போலி என்று சொல்ல முடியாது. 'லெதர்' என்று விற்கும் மெத்தைகளில் பெரும்பாலானவை துணியின் மேல் பொலியூரித்தேன் பூசியவை. 'புரோட்டீன் லெதர்' என்பதும் அந்தக் குடும்பம்தான். இவற்றில் பொலியெஸ்ரர் வகைப் பொலியூரித்தேனைக் காற்றில் இருக்கும் ஈரமே கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். வெக்கை கூடினால் இன்னும் கெதியாக உடையும். பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் இது நடந்துகொண்டே இருக்கும். வருடக்கணக்கில் அலுமாரியில் கிடந்த சப்பாத்தின் அடி ஒருநாள் போட்டு நடந்தவுடன் பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். கடற்கரை ஊரில், மாரிக்குப் பிறகு புழுக்கம், புழுக்கத்துக்குப் பிறகு மாரி என்று ஈரம் விடாத இடத்தில் இது தப்பாது. வியர்வையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் அதை இன்னும் விரைவாக்கும். நல்லெண்ணெய் வைத்துத் தலை முழுகும் நாளில், தலைமயிர் காய்ந்த பிறகே ஹெட்போனை மாட்டுங்கள்.

ஆகவே மேலதிகச் சோடியை வாங்கிச் சேமிக்காதீர்கள். தேவைப்படும்போது ஒரு சோடி போதும். கடையில் வாங்கும்போது ஓரத்தைப் பெருவிரலால் மடித்துப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை போல் வெடிப்பு தெரிந்தாலோ, விரலில் பிசுபிசுத்தாலோ அது நெடுநாள் இருப்பில் கிடந்த சாமான்.

உரியாத மெத்தைதான் வேண்டும் என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று வெலோர் என்னும் மயிர்த்துணி. அதில் உரிவதற்குப் பூச்சு இல்லை, வெக்கைக்கும் சுகம், இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் விட்டுக் கழுவலாம். ஆனால் துணிக்குள்ளால் காற்றுப் போகும், அதனால் கீழ்ச்சுருதி குறையும். மற்றது உண்மையான ஆட்டுத்தோல். விலை கூட; காற்று ஒழுகாது, பூச்சைப் போல உரியவும் மாட்டாது. மாரியில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் அதைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் காற்றுப்படும் இடத்தில் கொழுவி வையுங்கள். பேச்சும் வகுப்பும் கேட்பவருக்கு வெலோர் நிறைவாகப் போதும். பாட்டுக்கு என்றால் தோல்.

தவில் பழகுகிறேன். ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் வாசிப்பேன். மெத்தை மாற்றிய பிறகு தவிலின் வலப்பக்கமான வலந்தலை கணீரென்று கேட்கிறது, இடப்பக்கமான தொப்பி கேட்கவே இல்லை. ஸ்பீக்கர் பழுதா?
– வாசகர், இணுவில்

ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. காற்று ஒழுகுகிறது. தொப்பியின் கனத்த ஓசை காதுக்கு வர, ஸ்பீக்கருக்கும் காதுத் துவாரத்துக்கும் இடையில் இருக்கும் சின்னக் காற்றறை மூடியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் நீக்கல் விழுந்தாலும் முதலில் போவது கீழ்ச்சுருதிதான். வலந்தலையின் கூர்மை அப்படியே இருப்பதால் மொத்தமும் தகரம் தட்டுவது போலக் கேட்கும்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். தொப்பி நன்றாக விழும் ஓரிடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, இரு கையாலும் ஹெட்போனைக் காதோடு மெல்ல அமத்துங்கள். அமத்தும்போது தொப்பி பொங்கி வந்து, கையை எடுத்தவுடன் மறைந்தால் ஒழுக்குத்தான். பிறகு மெத்தையை மட்டும் தட்டோடு சேர்த்துச் சுற்றிவர விரலால் அமத்திப் பாருங்கள். அப்போது தொப்பி வந்தால் மடிப்பு நீக்கலுக்குள் சரியாக விழவில்லை, அல்லது மெத்தை பெரிது. வராவிட்டால் குறை மெத்தையின் பொருளில்: புதியது துளையிட்ட லெதரா, வெலோரா, முந்தியதைவிட இறுக்கமான ஸ்பொஞ்சா என்று பாருங்கள். இறுகிய ஸ்பொஞ்ச் காது மடலின் மேடுபள்ளத்துக்கு வளைந்து கொடுக்காது. மெல்ல அமிழ்ந்து மெல்ல எழும் 'மெமரி ஃபோம்' உடற்சூட்டில் இன்னும் இளகி அந்தப் பள்ளங்களை நிரப்பும். உங்களைப் போல் தாளம் கேட்பவர் துளையில்லாத லெதரும் மெமரி ஃபோமும் சேர்ந்ததை வாங்குவதே சரி.

உயரமும் ஒரு காரணமாகலாம். ஸ்பீக்கர் காதில் இருந்து தள்ளிப் போகப் போகக் கீழோசை மெலியும். முந்திய மெத்தையைவிட 5 மி.மீ. உயர்ந்ததைப் பூட்டினால் வேற்றுமை நன்றாகவே தெரியும்.

இன்னொன்று. மெத்தை மாற்றியவர்களில் சிலர், தவில் ஓங்கி விழும்போது "ஸ்ர்ர்" என்று ஒரு சத்தம் வருகிறது என்றும் எழுதுகிறார்கள். துளைகளுக்கு முன்னால் இருக்கும் மெல்லிய வலைத்துணியைப் பழைய மெத்தையோடு சேர்த்துக் கழற்றி எறிந்திருப்பார்கள். புதிய மெத்தையில் அது இராது. அந்த வழியால் ஒற்றைத் தலைமயிர் உள்ளே போய்ச் சவ்வைத் தொட்டால் இந்தச் சத்தம் வரும். பழைய மெத்தையை எறியமுன் அந்தத் துணியைத் தேடி எடுத்துத் திரும்ப வையுங்கள்.

நான் தையற்காரி. ஓட்டோ சீற்றுக்குப் போடும் றெக்சினில் மெத்தை தைத்துக் கொடுக்கலாமா?
– வாசகி, சாவகச்சேரி

றெக்சின் சரிவராது. அது சீற்றில் பாரம் தாங்கச் செய்தது. இவ்வளவு சிறிய வளைவில் சுருக்கம் விழும், சுருக்கம் விழுந்த இடத்தில் காற்று ஒழுகும், காதும் நோகும். ஆனால் மெத்தைக்கு மேல் போடும் வியர்வை உறை தைக்கலாம், அதற்கு இங்கே தேவையும் இருக்கிறது. இழுபடும் பனியன் துணியை எடுங்கள். 70 மி.மீ. அகலமும் 15 மி.மீ. உயரமும் உள்ள மெத்தைக்கு முகம் 70, பக்கங்கள் இரண்டுக்கும் 30, ஸ்பீக்கர் இருக்கும் கிண்ணத்தின் மேல் ஏறிப் பிடிக்க 20, இலாஸ்ரிக் ஓட மடிப்புக்கு 16. ஆக 136 மி.மீ. விட்டத்தில் வட்டம் வெட்டுங்கள். இலாஸ்ரிக் 18 சென்ரிமீற்றர், ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்க இன்னும் ஒன்று. முகத்தில் ஒற்றைத் துணிதான் இருக்க வேண்டும், இரட்டைத் துணி சத்தத்தை மங்கவைக்கும். கிண்ணத்தில் உள்ள மைக் துளையை உறை மூடினால் மறுமுனையில் இருப்பவருக்கு நீங்கள் கதைப்பது கேளாது.

என் பீற்ஸ் சோலோ 3 ஹெட்போனின் மெத்தைக்கு மடிப்பு இல்லை, ஒட்டியிருக்கிறது. சுப்பர் குளூ விட்டு ஒட்டலாமா?
– வாசகர், மானிப்பாய்

கட்டாயம் வேண்டாம். அதன் ஆவி சவ்விலும் துளைகளிலும் வெள்ளையாகப் படியும். ஒரு துளி ஓடி உள்ளே போனால் ஸ்பீக்கர் முடிந்தது. அடுத்தமுறை மெத்தையைக் கழற்றவும் ஏலாது. இந்த வகை ஹெட்போனில் இரட்டைப் பக்க ரேப்தான் மெத்தையைப் பிடிக்கிறது. சோலோ 2க்கும் சோலோ 3க்கும் ஒரே மெத்தை பொருந்தும், ரேப் ஒட்டியபடியே வரும்.

ஹெயார் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து அரை நிமிடம் காட்டினால் பழைய பசை இளகும். அட்டையின் மூலையை ஆழமாக விடாமல் ஓரமாகவே ஓட்டிக் கிளப்புங்கள். மிஞ்சிய பசையை முதலில் பெருவிரலால் உருட்டி எடுங்கள். கனபங்கு அப்படியே வந்துவிடும். மீதிக்கு ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்துப் பிழிந்த துணி. துடைக்கும்போது ஸ்பீக்கரின் முகம் நிலத்தைப் பார்க்கட்டும், துளி உள்ளே இறங்காது. கியூட்டெக்ஸ் அழிக்கும் திரவமும் தின்னரும் பிளாஸ்ரிக்கைக் கரைப்பவை, கிட்டவும் கொண்டு போகாதீர்கள்.

புதிய மெத்தையை ரேப்பின் தாளை உரிக்காமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள். நீள்வட்ட மெத்தையில் இடம், வலம், மேல், கீழ் எல்லாம் உண்டு. தட்டின் ஓரத்தில் ஊசிமுனை போன்ற காற்றுத் துளைகள் இருந்தால் அவற்றை ரேப் மூடக் கூடாது, மூடினால் கீழோசை மாறிவிடும். பொருந்துகிறது என்று கண்ட பிறகு தாளை உரித்து ஒட்டி, சுற்றிவர அரை நிமிடம் அமத்தி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஒட்டிய உடனே மாட்டினால் வியர்வைச் சூட்டில் வழுகும்.

காது நோகிறது. காதை முழுதாக மூடும் பெரிய மெத்தையை இதே ஹெட்போனுக்குப் பூட்டலாமா?
– வாசகர், நெல்லியடி

முடியாது. 70 மி.மீ. தட்டில் 90 மி.மீ. மெத்தை நிற்காது, எப்படியாவது நிறுத்தினாலும் சத்தம் வேறாகிவிடும். இருக்கும் மெத்தை நசிந்து காது பிளாஸ்ரிக்கில் படுகிறதா என்று முதலில் பாருங்கள். மூக்குக் கண்ணாடி போடுபவர் என்றால் மெமரி ஃபோம் உதவும். தலைப்பட்டை உலோகமானால், தலையைவிடச் சற்றே அகலமான புத்தக அடுக்கில் ஓர் இரவு மாட்டி வைத்தால் இறுக்கம் தளரும். முழுப் பிளாஸ்ரிக் பட்டையில் இதைச் செய்யாதீர்கள், வெடிக்கும்.

மெல்லிய கம்பித் தலைப்பட்டை உள்ள பழைய ஹெட்போன். அதன் கறுப்பு ஸ்பொஞ்ச் தொட்டவுடன் தூளாகிறது. இதற்கு இன்னும் கிடைக்குமா?
– வாசகர், வல்வெட்டித்துறை

தாராளமாகக் கிடைக்கும். 1984இல் வந்த கொஸ் போர்ட்டா புரோ இன்றும் விற்பனையில் இருப்பதால், அந்த அளவு ஸ்பொஞ்ச் உறைகளுக்குத் தட்டுப்பாடு இல்லை. 50 மி.மீ. என்று கேளுங்கள். ஒரு சோடி வாங்கப் போய்ப் பத்துச் சோடிப் பொதியை எடுக்காதீர்கள். பருத்தித்துறை வாசகருக்குச் சொன்னது ஸ்பொஞ்சுக்கும் பொருந்தும். மலிந்த ஸ்பொஞ்ச் மெல்லியதாக இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். அதைப் போட்டால் கூர்ச்சத்தம் காதில் குத்தும்; கொஞ்சம் தடித்ததை எடுங்கள்.

பழைய தூளை வாயால் ஊதாதீர்கள், எல்லாம் துளைக்குள் போய்விடும். முகத்தைக் கீழே பிடித்து, காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். புதிய உறையின் வாயை இரு கை விரல்களாலும் அகட்டி ஒரு பக்கத்தில் மாட்டி, தலையணை உறை போடுவது போல இழுத்து விடுங்கள். நகம் படாமல் பாருங்கள், கிழிவது நகத்தால்தான். அழுக்கானால் சவர்க்காரத் தண்ணீரில் அமத்தி எடுத்து, முறுக்காமல் பழைய துவாயில் ஒற்றி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே திரும்பப் போடுங்கள்.