தலைகீழாக நின்றால் முக்கோணம் இல்லையா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து வட்டம், சதுரம், முக்கோணம் என்று கடகடவென்று சொல்லுகிறான். நேற்று ஒரு முக்கோணத்தைத் தலைகீழாக வரைந்து காட்டினேன். "இது முக்கோணம் இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டான். சதுரத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் 'டைமண்ட்' என்கிறான். நான் சொல்லிக்கொடுக்கும் விதத்தில் தப்பு இருக்கிறதா?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் மகனிடம் எந்தக் குறையும் இல்லை அம்மா. நான் 22 வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். ஒவ்வொரு வருடமும் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன். ஒரு சிறுமி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது விழுந்து கிடக்கு" என்றாள். எனக்கு அன்றுதான் விஷயம் பிடிபட்டது. அவள் பார்த்தது மூன்று பக்கங்களை அல்ல, நிமிர்ந்து நிற்கிற ஒரு படத்தை.

நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே என்ற ஆசிரியத் தம்பதி 1957-இலேயே இதை எழுதியிருக்கிறார்கள். உருவத்தை முழுசாகப் பார்த்துப் பெயர் சொல்வது முதல் படி. பக்கம், மூலை என்று பிரித்துக் கவனிப்பது அடுத்த படி. உங்கள் மகன் முதல் படியில் இருக்கிறான். சுவரில் இருக்கும் படமோ எப்போதும் ஒரே மாதிரி முக்கோணத்தைத்தான் காட்டுகிறது: அடிப்பக்கம் கீழே, கூர்முனை மேலே. பாவம், அவன் வேறு என்னதான் நினைப்பான்?

அந்தப் படத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். மூன்று ஸ்ட்ரா துண்டுகளுக்குள் நூலைக் கோத்து, இறுக்கி முடிச்சுப் போட்டு அவன் கையில் கொடுங்கள். அவனே திருப்பட்டும், கவிழ்க்கட்டும். ஒவ்வொரு தடவையும் விரலால் பக்கங்களைத் தடவி எண்ணச் சொல்லுங்கள். எப்படித் திருப்பினாலும் மூன்றுதான் வரும். அப்புறம் ஒரே நீளத்தில் நான்கு துண்டுகளைக் கோத்துக் கொடுங்கள். முக்கோணத்தை அழுத்தினால் அப்படியே நிற்கும். நான்கு பக்கம் உள்ளது மட்டும் சாய்ந்து சரிந்து சாய்சதுரமாகிவிடும். இதைப் பார்த்ததும் குழந்தைகள் கண்ணில் வரும் வியப்புக்காகவே நான் வருடா வருடம் ஸ்ட்ரா வெட்டினேன்.

'டைமண்ட்' சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஏதாவது ஒரு தாளை மடித்து, மடித்த கோடு அதன் மேலேயே சரியாகப் படியும்படி இன்னொரு முறை மடியுங்கள். அந்த மூலை ஒரு செங்கோணம். அதைச் சதுர அட்டையின் நான்கு மூலையிலும் வைத்துப் பார்க்கட்டும். பிறகு அட்டையைத் திருப்பி வைத்து மறுபடி பார்க்கட்டும். மூலை மாறவில்லை, அதனால் அது இன்னும் சதுரம்தான். சரிந்த ஸ்ட்ராவில் அதே தாள் மூலை பொருந்தாது.

இதெல்லாம் பழகிய பிறகு பொய் முக்கோணங்களை வரைந்து காட்டுங்கள். ஒன்றில் ஒரு பக்கம் வளைந்திருக்கட்டும், இன்னொன்றில் ஒரு மூலை மூடாமல் இருக்கட்டும். ஒல்லியாக நீண்ட நிஜ முக்கோணம் ஒன்றையும் நடுவில் கலந்துவிடுங்கள். "ஏன் இல்லை?" என்று மட்டும் கேளுங்கள், பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "இங்க மூடல" என்று அவன் விரலை வைத்தால் அடுத்த படியில் கால் வைத்துவிட்டான் என்று அர்த்தம். சதுரமும் ஒரு வகைச் செவ்வகம்தான் என்பதற்கு இப்போது அவசரம் வேண்டாம்.

வரையச் சொல்லி மட்டும் சோதிக்காதீர்கள். பார்த்து வரைவதில் வட்டம் சுமார் 3 வயதிலும், சதுரம் 4 வயதிலும், முக்கோணம் 5 வயதிலும் கைக்கு வரும். சாய்சதுரத்துக்கு 7 வயதுகூட ஆகலாம். அவனுக்குக் கோடு கோணலாக வந்தால் பென்சிலை வாங்கி வைத்துவிட்டு, மறுபடி ஸ்ட்ராவையே கொடுங்கள்.