இறங்கும் படிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பெரம்பூரில் வசிக்கிறேன். வயது 31. அம்பத்தூரில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து வாலிபால் ஆடுகிறேன். சென்ற ஆண்டு ஓர் ஆட்டத்தில் எதிரணி அடித்த பந்தை வலைமேல் தடுக்க (பிளாக்) குதித்து இறங்கியபோது இடது முழங்கால் உள்பக்கமாக மடங்கி, 'டப்' என்று சத்தம் கேட்டது. முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு முழுமையாகக் கிழிந்துவிட்டதாக ஸ்கேனில் தெரிந்தது. பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்து அறுவைசிகிச்சை செய்தார்கள். இப்போது ஆறு மாதம் முடிந்துவிட்டது. மூன்றாம் மாதம் வலி நின்றதும் பிசியோதெரபியை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு முறையும் செலவு செய்து போய்வர முடியவில்லை.

சென்ற வாரம் மருத்துவர் காலை அசைத்துப் பார்த்து, "ஜவ்வு உறுதியாக இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்றார். ஆனால் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் இன்றும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாகத்தான் இறங்குகிறேன். பின்னால் கூட்டம் நெருக்கினால் உடம்பு வியர்க்கிறது. அந்தக் கால் என்னுடையது போலவே இல்லை. பிள்ளைகள், "ஜடேஜா அஞ்சு மாசத்துக்குள்ள வந்துட்டாரே, மிஸ்" என்கிறார்கள். அம்மாவோ, "இனிமேல் உனக்கு விளையாட்டு எதற்கு" என்கிறார். இது என் மனப் பலவீனமா? மைதானத்தை மறந்துவிட வேண்டியதுதானா?

அன்புடன்
க.

அன்புள்ள க.,

நான் மருத்துவன் அல்லன். 11 ஆண்டுகளுக்கு முன் ஷட்டில் ஆடும்போது வலது முழங்காலில் இதே ஜவ்வைக் கிழித்துக்கொண்டு, இதே அறுவைசிகிச்சை செய்துகொண்டவன். திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளில் நீங்கள் சொல்வது போலவே பல மாதங்கள் இறங்கியவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

உங்கள் மருத்துவர் சொன்னதும் உண்மை, நீங்கள் உணர்வதும் உண்மை. அவர் உங்களைப் படுக்கவைத்து, தளர்ந்திருக்கும் காலின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பை முன்னால் இழுத்துப் பார்த்து, புதிய ஜவ்வு அதைத் தடுத்து நிறுத்துகிறதா என்று சோதித்திருப்பார். அது நிறுத்துகிறது. படியில் இறங்கும்போது சோதனைக்கு உள்ளாவது வேறொன்று: உடலின் முழு எடையையும் ஒற்றைக் காலில் ஏந்தி, முழங்காலை மெல்ல மடக்கி, கீழ்ப்படிவரை உடலை இறக்கிவிடும் தொடைத் தசையின் வலு. அந்த வேலையைச் செய்வது கீழே வைக்கும் கால் அல்ல, மேற்படியில் நிற்கும் கால். நீங்கள் இடது காலை முதலில் கீழே வைக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு படியிலும் அந்த உழைப்பை வலது காலிடமே கொடுத்துவிடுகிறீர்கள் என்று பொருள். ஆறு மாதமாக இடது தொடை அந்தப் பாடத்தை ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

'என்னுடைய கால் போல இல்லை' என்ற உங்கள் வரியை நான் இரண்டு முறை படித்தேன். இதை மனப் பலவீனம் என்று நீங்கள் ஐயுறுவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முழங்காலின் நடுவே குறுக்காக ஓடும் இந்த ஜவ்வு, அதாவது தசைநார், கீழெலும்பு முன்னால் நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்துவைக்கும் கயிறு மட்டுமல்ல. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது, எவ்வளவு இழுபடுகிறது என்பதை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் நரம்பு நுனிகளும் அதற்குள் உண்டு. அது கிழியும்போது அந்தச் செய்திகளும் அறுந்துபோகின்றன. பின்தொடையிலிருந்து எடுத்து அங்கே பொருத்தப்பட்ட நாண், கயிற்றின் வேலையைச் செய்யும். பழைய தசைநார் அனுப்பிய செய்திகளை அப்படியே அதனால் அனுப்ப முடியாது. எனவே தசைகளிலும் தோலிலும் உள்ள மற்ற உணர்வுகளை வைத்துக்கொண்டு மூளை அந்த மூட்டை மறுபடி கற்க வேண்டியிருக்கிறது. நீங்கள் உணரும் அந்நியத்தன்மைக்கு உடலிலேயே காரணம் இருக்கிறது.

இன்னொரு காரணம் தொடையின் முன்தசை. முழங்காலுக்குள் வீக்கம் இருக்கும்வரை, அந்தத் தசையை முழுவதுமாக முறுக்கவிடாமல் நரம்பு மண்டலமே தடுத்து வைக்கிறது. தொடக்க வாரங்களில் முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, 'அழுத்துங்கள், அழுத்துங்கள்' என்று பிசியோதெரபி தருபவர்கள் சொல்ல, நாம் எவ்வளவு முயன்றாலும் தசை அசையாமல் கிடப்பது இதனால்தான். வீக்கம் வடிந்த பிறகும் தசை தானாகத் திரும்பி வருவதில்லை; சுமை கொடுத்து வரவழைக்க வேண்டும். அதற்கான காலம் தொடங்கும்போதுதான் பெரும்பாலோர் சிகிச்சையை நிறுத்திவிடுகிறோம், ஏனென்றால் அப்போதுதான் வலி போகிறது. இதில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. பொருத்தப்பட்ட நாண் முதலில் தன் உயிரணுக்களை இழந்து, பிறகு புதிய இரத்தக் குழாய்கள் ஊடுருவி, மெல்ல மெல்லத் தசைநாராக மாறுகிறது. இதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இரண்டாம், மூன்றாம் மாதங்களை ஒட்டி அது மிகவும் வலுக்குறைந்த நிலையில் இருக்கிறது. வலி போய், நடை சீராகி, 'சரியாகிவிட்டது' என்று நாம் நம்பத் தொடங்கும் காலமும் அதுவே. எனக்கு அறுவைசிகிச்சை செய்த மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் 'பிசியோதெரபி தொடரவும்' என்ற ஒரே வரிதான் இருந்தது. எதுவரை, எந்த அளவுக்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் உங்களைப் போலவே நிறுத்தினேன்.

ஏழாம் மாதத்தில், வீட்டருகே ஒரு சிறிய அறையில் சிகிச்சை அளித்துவந்த இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவரிடம் போனேன். அவர் கட்டிலில் படுக்கச் சொல்லவில்லை. எடை பார்க்கும் இயந்திரங்கள் இரண்டைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலை வைத்து நேரே பார்த்து நிற்கச் சொன்னார். எடை இரு கால்களிலும் சமமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு நின்றேன். குனிந்து பார்க்கச் சொன்னார். இடது பக்கம் 44, வலது பக்கம் 28. நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கச் சொன்னபோது வலது பக்கத்து எண் இன்னும் இறங்கியது. பிறகு தையல்காரர் டேப்பை எடுத்து, முழங்கால் சில்லுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் பேனாவால் கோடிட்டு, இரு தொடைகளின் சுற்றளவையும் அளந்தார். வலது தொடை மூன்று சென்டிமீட்டர் குறைவு. அந்தக் காலை நான் நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்; அதற்கு வேலையே கொடுக்கவில்லை என்பதை அந்த எண்கள் எனக்குக் காட்டின.

அன்றே கண்ணாடிக்கு முன்னால் பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பலகையில் வலது காலில் நிற்கவைத்து, இடது குதிகால் தரையைத் தொடும்வரை மெல்ல இறங்கச் சொன்னார். மூன்று எண்ணி இறங்க வேண்டும். முதல் முறையே என் முழங்கால் நடுங்கி உள்பக்கமாகச் சாய்ந்தது, இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. "முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கட்டும், அதை மட்டும் பாருங்கள்" என்றார். அந்தப் பலகையில் மூன்று வாரம். பிறகு அதன் மேல் இன்னொரு பலகை. பிறகு கையில் ஐந்து கிலோ அரிசிப் பை. பெரிய மனமாற்றம் எதுவும் எனக்கு நிகழவில்லை. ஒரு நாள் ரயில் நிலையத்தில் பாதிப் படி இறங்கிய பிறகுதான், கைப்பிடியைத் தொடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: தைரியம் வரட்டும், பிறகு காலுக்கு வேலை கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மறுபடியும் ஓர் இயன்முறை மருத்துவரிடம் போங்கள். செலவுதான் தடை என்றால், உங்களுக்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, கீழ்ப்பாக்கம் இருக்கிறது, கே.கே. நகரில் புனர்வாழ்வு மருத்துவத்துக்கென்றே அரசு நிலையம் இருக்கிறது. தினமும் போக வேண்டும் என்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய், செய்யும் முறையைச் சரிபார்த்து, சுமையைக் கூட்டிக்கொண்டு, மற்ற நாட்களில் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் வாரத்தில் மூன்று நாட்களாவது உண்மையான சுமையோடு செய்ய வேண்டும். படுத்துக்கொண்டு காலைத் தூக்கும் பயிற்சி முதல் மாதத்துக்கு உரியது. ஆறாம் மாதத்தில் அதையே செய்துகொண்டிருந்தால் தசை வளராது. முன்தசைக்கு ஒற்றைக் காலில் எழுவதும் இறங்குவதும், காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸும். நாண் எடுக்கப்பட்ட இடம் என்பதால் உங்களுக்குப் பின்தொடைக்குத் தனிக் கவனம் வேண்டும். இடுப்புத் தசைகளையும் விட்டுவிடக் கூடாது, முழங்கால் உள்பக்கம் மடங்காமல் காப்பவை அவைதாம். சாப்பாட்டில் சுண்டல், முட்டை, மீன் என்று நாள்தோறும் புரதம் இருக்கட்டும்.

எவ்வளவு செய்யலாம் என்பதை மறுநாள் காலையில் முழங்காலே சொல்லும். வீங்காமல், சூடில்லாமல் இருந்தால் அந்த அளவு சரி. வீங்கியிருந்தால் சுமையைக் குறைக்க வேண்டும். மூட்டு திடீரென்று நழுவினாலோ, மடக்கவும் நீட்டவும் முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு அறுவைசிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.

பயத்தைப் பற்றி. இந்த அறுவைசிகிச்சைக்குப் பிறகு வரும் பயத்தை மருத்துவ உலகம் அலட்சியமாகப் பார்க்கவில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் இதை அளப்பதற்கென்றே 12 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். இன்று பல நாடுகளில், விளையாட்டுக்குத் திரும்பலாமா என்று முடிவுசெய்யும்போது தசை வலுவோடு அதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். வலு வந்த பிறகும் பயம் சிலரிடம் தங்கிவிடுகிறது, ஏனென்றால் எந்தச் செயலில் கால் காயப்பட்டதோ அந்தச் செயலை அவர்கள் மறுபடி செய்து பார்ப்பதே இல்லை. உங்களுக்கு அது குதித்து இறங்குவது. இன்று குதிக்காதீர்கள். இயன்முறை மருத்துவர் அனுமதித்த பின், அவர் கண்முன்னால், முதலில் ஒரு தாழ்ந்த படியிலிருந்து இரு கால்களாலும் இறங்கி அப்படியே அசையாமல் நிற்பது, பிறகு ஒற்றைக் கால், பிறகு பந்தோடு, கடைசியாகத்தான் வலையின் முன்னால் எதிரே ஒருவர் நிற்கும்போது. நடைமேம்பாலத்தையும் இப்படியே பழகலாம். மதிய நேரத்தில், கூட்டம் இல்லாதபோது, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஆனால் அதைப் பிடிக்காமல், கடைசி நான்கு படிகளை மட்டும் காலுக்கு ஒரு படியாக இறங்கிப் பாருங்கள். அடுத்த வாரம் எட்டு. அலுவலக நேரத்துக் கூட்டம் பிறகு வரட்டும்.

பிள்ளைகள் சொன்ன ஜடேஜாவுக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் அவருக்கு முழங்காலில் அறுவைசிகிச்சை நடந்தது. 2023 ஜனவரியில் நம் சேப்பாக்கத்தில், தமிழ்நாட்டுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் சௌராஷ்டிராவுக்காகத் திரும்பி வந்து, இரண்டாம் இன்னிங்ஸில் 53 ரன்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். அடுத்த மாதம் நாக்பூர் டெஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஐந்து விக்கெட். பிள்ளைகள் பெருமைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் முழங்கால் அறுவைசிகிச்சைகள் எல்லாம் ஒன்றல்ல. நாட்டின் மிகச் சிறந்த நிபுணர்கள் உடனிருக்க, உடலைத் தேற்றுவதையே நாள் முழுவதும் வேலையாகச் செய்யும் ஒருவரின் நாட்காட்டி, காலை ரயிலைப் பிடிக்கும் ஆசிரியைக்குப் பொருந்தாது. பிள்ளைகளிடம் நீங்கள் காட்ட வேண்டியது வேறொன்று: அவரும் நேரே டெஸ்ட்டுக்குப் போகவில்லை, முதலில் ஓர் உள்நாட்டு ஆட்டத்தில் தன் காலைச் சோதித்துப் பார்த்தார்.

உங்களுக்குப் பொருந்தும் கணக்கு இது. நார்வேயின் ஆஸ்லோவில் இதே அறுவைசிகிச்சை செய்துகொண்ட 106 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வில், ஒன்பதாம் மாதம்வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், முழங்கால் மறுபடி காயப்படும் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. இரு தொடைகளின் வலுவும் நெருங்க நெருங்க ஆபத்தும் குறைந்தது. ஒன்பது மாதம் முடிந்தால் மட்டும் போதாது. காயப்பட்ட கால், நல்ல காலின் வலுவில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. இடையில் நல்ல காலும் மெலிந்திருக்கும் என்பதால் அந்த 90ஐக்கூட நான் குறைந்தபட்ச எல்லையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

மைதானத்தை மறந்துவிட வேண்டுமா என்ற கேள்விக்கு இன்று விடை சொல்லாதீர்கள். 69 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரையின்படி, 81 விழுக்காட்டினர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் 65 விழுக்காடு. போட்டி ஆட்டத்துக்கு 55. திரும்பாமல் போனவர்களில் வேறு முன்னுரிமைகளால் விலகியவர்களும் இருக்கிறார்கள், அதில் குறையொன்றும் இல்லை. நீங்களும் அப்படி முடிவெடுக்கலாம். ஆனால் அந்த முடிவை, வலுவிழந்த ஒரு தொடை உங்களுக்காக எடுத்துவிடக் கூடாது என்று நான் விரும்புகிறேன். ஒன்பதாம், பத்தாம் மாதம் வலுவைச் சோதித்துப் பார்த்தபின், விரும்பி விலகினால் விலகுங்கள்.

உங்கள் அம்மாவிடம் வாதாட வேண்டாம். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்தவர் அவர். உங்கள் முழங்கால் அவருக்கு இன்னும் கட்டுப்போட்ட முழங்காலாகவே தெரிகிறது. வீட்டில் தையல் டேப் இருக்கும். இன்றிரவு சில்லுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் கோடிட்டு, அவரையே அளக்கச் சொல்லுங்கள். இரு தொடைகளின் அளவையும் தேதி போட்டு நாட்காட்டியில் எழுதட்டும். மாதம் ஒருமுறை அவரே அளக்கட்டும்.

அன்புடன்.