வீடு ஏன் மரணசாசனத்தில் இல்லை?

அன்புள்ள ஐயா,

நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிறந்து ஆறு வயதில் கனடாவுக்கு வந்தவள். போன வருடம் அப்பம்மா காலமானபின் அவருடைய சூட்கேசின் அடியில் ஓர் உறுதிக்கட்டு, அதாவது காணிப் பத்திரக்கட்டு, கிடைத்தது. 1952, 1922, 1889 ஆம் ஆண்டுகளில் எழுதிய மூன்று சீதன உறுதிகள், அப்பம்மாவின் தாயுடைய தகப்பனார் 1908இல் எழுதிய மரணசாசனத்தின் (உயிலின்) பிரதி, நூல் அறுந்த இரண்டு ஓலைகள். எல்லாவற்றின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

மரணசாசனத்தை வாசித்துக் கவலைப்பட்டேன். அதில் இரண்டு மகன்மாரின் பெயர்கள் மட்டுமே உள்ளன. மூன்று பெண்பிள்ளைகள் இருந்தார்கள் என்று அப்பம்மா சொல்வார். ஒருத்தியின் பெயர்கூட இல்லை. அப்பம்மா வாழ்ந்த வீட்டைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. புகையிலைத் தோட்டத்திலும் பாதியைத்தான் எழுதியிருக்கிறார். மகள்களை ஒதுக்கிய கல்நெஞ்சரா அவர்? நொத்தாரிசின் (உறுதி எழுதும் சட்ட அலுவலரின்) பெயரும் அதில் இல்லையே, ஏன்? அவருடைய இறப்புச் சான்றிதழையும் தேடி அலைந்தேன், கிடைக்கவில்லை. நாங்கள் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்து முதலியார் என்னும் உள்ளூர் அதிகாரி ஒருவரின் வழி என்று வீட்டில் சொல்வார்கள். அதை எப்படி உறுதிப்படுத்துவது? கணினியில் போட்ட வம்சவிருட்சத்தையும் இணைத்திருக்கிறேன்.

த.

*

அன்புள்ள த. அவர்களுக்கு,

படங்கள் தெளிவாக இருந்தன. இரண்டு இரவு அவற்றோடுதான் இருந்தேன். முதலில் அந்த மனிதரை விடுவித்துவிடுகிறேன். அவர் கல்நெஞ்சர் அல்ல. தன்னுடையது அல்லாத வீட்டை அவர் எப்படி எழுதி வைப்பார்?

1889 உறுதியை மறுபடி பாருங்கள். 'இத்தியடி' என்னும் காணியையும் வீட்டையும் ஒரு தாய் தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கிறார். அந்த மகளைக் கட்டியவர்தான் 1908இல் மரணசாசனம் எழுதியவர். அவர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார், அங்கேயே வாழ்ந்தார், அங்கேயே செத்தார். வீடு மனைவியுடையது. 1922இல் அந்த அம்மா அதைத் தன் கடைசி மகளுக்குக் கொடுத்தார், அவர் 1952இல் உங்கள் அப்பம்மாவுக்குக் கொடுத்தார். 1922 உறுதியில் கொடுப்பவரின் பெயருக்குப் பின்னால் 'விதவை' என்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சட்டப்படி புருசன் உள்ள பெண், அவன் எழுத்துச் சம்மதம் இல்லாமல் காணியைக் கைமாற்ற முடியாது. இங்கே கணவரின் கையெழுத்து இல்லை. ஆக, அவர் 1908க்கும் 1922க்கும் இடையில் இறந்துவிட்டார். இறப்புச் சான்றிதழ் தேடி அலைந்ததாக எழுதியிருந்தீர்கள், தேடவேண்டிய கால எல்லை இப்போது பதினான்கு வருடமாகச் சுருங்கிவிட்டது.

இதையெல்லாம் தீர்மானித்தது தேசவழமை என்னும் யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டம். ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் கேட்டுக்கொண்டபடி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக (ஒல்லாந்தரின் மாகாண அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் ஊர் வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். பன்னிரண்டு முதலிமார் அதன் தமிழாக்கத்தைப் பார்த்துச் சரி என்றார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அதன் தொடக்கத்திலேயே சொத்து மூன்றாகப் பிரிகிறது. ஆண் கொண்டுவந்தது முதுசொம், பெண் கொண்டுவந்தது சீதனம், இருவரும் கூடி வாழ்ந்த காலத்தில் சேர்த்தது தேடியதேட்டம். பழைய வழக்கில் முதுசொம் ஆண்பிள்ளைகளுக்கு, சீதனம் பெண்பிள்ளைகளுக்கு. சீதனம் வாங்கிப் போன மகளுக்குத் தாய்தகப்பனின் மிச்சச் சொத்தில் பங்கில்லை. போர்த்துக்கேயர் காலத்திலேயே இந்தக் கோடுகள் கலையத் தொடங்கிவிட்டன என்று ஐசாக்ஸே எழுதுகிறார். ஆனாலும் உங்கள் குடும்பத்தில் 1952 வரை வீடு பெண் கையைவிட்டுப் போகவில்லை.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். மரணசாசனம் அதைத் 'தேடியதேட்டம்' என்றே சொல்கிறது, நீங்கள்தான் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டீர்கள். தேடியதேட்டத்தில் பாதி மனைவியுடையது. தன் பாதியை மட்டும்தான் அவர் மகன்மாருக்கு எழுத முடியும். கணக்குப் பிசகாத மனிதர் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

அந்த மரணசாசனத்தில் நொத்தாரிசின் பெயர் இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் இரண்டு வழி கொடுத்தது: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். உங்களுடையதில் ஐந்து கையெழுத்து. சாகக் கிடக்கும் மனிதரின் கட்டிலைச் சுற்றி அவசரத்துக்குக் கூடக்கூடிய ஐந்து பேர் யார்? மைத்துனர், பெறாமகன், அடுத்த வளவுக்காரர். அந்த ஐந்து பேரையும் உங்கள் குறிப்பேட்டில் தனியாக எழுதி வையுங்கள். பிரதியின் தலைப்பில் ஓர் இலக்கம் இருக்கிறது பாருங்கள், அது மாவட்ட நீதிமன்றத்தின் மரணசாசன வழக்கு இலக்கம். அந்த வழக்கின் ஆவணக் கோவை கிடைத்தால் மரணசாசனத்தைவிட அதுதான் பெறுமதி. உரித்தாளிகள் எல்லாருடைய பெயரும், சொத்துப் பட்டியலும் அதில் இருக்க வேண்டும்.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்புவது. நீங்கள் கணினியில் போட்ட வம்சவிருட்சம் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. எங்களுக்கு அது உதவாது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர் ஒரு தலைமுறையோடு கழன்றுவிடும். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பதால் ஒரே பெயர் மாறி மாறி வரும். ஒல்லாந்தர் காலத்துப் பதிவில் 'டொன்' போட்டுக்கொண்டு ஞானஸ்நானப் பெயரோடு நிற்பவர் வீட்டில் சைவப் பெயரால் அழைக்கப்பட்டிருப்பார். அமெரிக்க மிசன் வந்தபிறகு வட்டுக்கோட்டையில் படித்த பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைச் சூட்டினார்கள். சி. வை. தாமோதரம்பிள்ளையின் முன்னெழுத்துகளே சார்ல்ஸ் வின்ஸ்லோ என்றும் விரியும், சிறுப்பிட்டி வைரவநாதர் என்றும் விரியும்.

நானும் பெயரைப் பிடித்து ஏறி விழுந்தவன். என் பூட்டனார் என்று நினைத்து ஒருவரை இரண்டு வருடம் துரத்தினேன். பெயர் சரி, ஊர் சரி, காலமும் சரி. வரைபடம் அச்சடித்து ஒரு கலியாண வீட்டில் பெருமையாகக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது எங்கட ஆளில்லை. இவர் கலட்டிக் காணிக்காரர். நாங்கள் புளியடி."

பெரியம்மா சொன்னதுதான் முறை. ஆளின் பெயர் மாறும், காணியின் பெயர் மாறாது. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு. உங்கள் ஓலையிலும் 'இத்தியடி', 1952 உறுதியிலும் 'இத்தியடி'. நடுவில் ஆட்சி மாறியது, அளவு மாறியது, எழுத்தே மாறியது. காணிப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதைக் கையில் வைத்திருந்த பெண்களைப் பின்தொடருங்கள்.

ஏணிப்படி உறுதிக்குள்ளேயே இருக்கிறது. 1889 உறுதியின் நடுவில் எல்லோரும் சலிப்போடு கடந்துபோகும் ஒரு வரி: 'எனக்கு 1863 ஆம் ஆண்டு சீதன உறுதிப்படி உரித்தாகி இன்றுவரை என் ஆட்சியிலுள்ளதுமான'. அதோடு இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் இருக்கின்றன. அந்த 1863 உறுதி உங்கள் உறுதிக்கட்டுக்குள் இல்லை. இல்லாவிட்டால் என்ன, நொத்தாரிசு எழுதும் உறுதிக்குப் பிரதிகள் உண்டு: ஒன்று சொந்தக்காரருக்கு, ஒன்று நொத்தாரிசிடம், ஒன்று காணிப் பதிவகத்துக்கு. அங்கே இலக்கத்தையும் நொத்தாரிசின் பெயரையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். நீங்கள் நேரில் போக வேண்டியதில்லை, ஊரில் பொறுமையுள்ள ஒரு சட்டத்தரணி போதும்.

அளவையும் பாருங்கள். ஓலையில் 12 பரப்பு, 1889இல் 6, 1922இல் அதே 6, 1952இல் 3. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். காணி பாதியாகும் இடத்தில் பெரும்பாலும் ஒரு சகோதரி நிற்பாள். 1889 உறுதியின் வடக்கெல்லையில் ஒரு பெண்ணின் பெயரும் 'பங்குக் காணி' என்ற சொல்லும் வருகின்றன. மற்ற ஆறு பரப்பு அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அவருடைய பிள்ளைகளின் பிள்ளைகள் உங்களைப் போலவே எங்கோ ஒரு சூட்கேசைத் திறந்துகொண்டிருக்கலாம். எல்லைக்காரர்கள் உறவினராக இருப்பது தற்செயல் அல்ல. பழைய வழக்கில் காணி விற்பதானால் உரித்தாளரும் பங்காளரும் அடுத்த காணிக்காரரும் முதலில் அறிய வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் மூன்று ஞாயிறு தொடர்ந்து கோவிலில் அறிவித்த பிறகே விற்கலாம் என்று தேசவழமையிலேயே இருக்கிறது. அவர்கள் சொன்ன கோவில் கிறிஸ்தவக் கோவில். அந்தக் கோவில்களின் எல்லைதான் இன்றும் சைவர்களின் உறுதியில் 'கோயிற்பற்று' என்று எழுதப்படுகிறது.

முதலியார் கதைக்கு ஒல்லாந்தரின் தோம்புகளைத்தான் பார்க்க வேண்டும். தோம்பு என்றால் காணிப் பதிவேடு, அந்தச் சொல் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. தப்பியவை கொழும்பு தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, எல்லாக் கோயிற்பற்றுக்கும் இல்லை. ஒல்லாந்த மொழியில், பழைய கையெழுத்தில், எங்கள் காணிப் பெயர்கள் அவர்கள் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். 'இத்தியடி'யை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். முதலியார் கிடைத்தாலும் கிடைப்பார். எனக்கு அவரில் பெரிய ஆர்வம் இல்லை, மன்னியுங்கள். ஓலைகளில்தான் ஆர்வம்.

முதல் ஓலை 'துன்மதி வருஷம்' என்று தொடங்குகிறது. அறுபது வருடத்துக்கு ஒருமுறை துன்மதி வரும்: 1741, 1801, 1861. எது? பதில் இரண்டாவது ஓலையின் கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. காணி, வீடு, கிணற்றுப் பங்கு, வான்பயிர் கான்பயிர், தாலிக்கொடி, வெண்கலப் பானை எல்லாம் முடிந்தபிறகு இரண்டு பெயர்கள். ஓர் ஆண், ஒரு பெண். தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. அவர்கள் சாட்சிகள் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். இல்லை. அவர்களும் சீதனம். பானைக்கு அடுத்த வரியில் எழுதப்பட்ட அடிமைகள். ஐசாக்ஸின் தொகுப்பில் அடிமைகளுக்குத் தனிப் பகுதியே உண்டு. இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. ஆகவே 1861 இல்லை. ஓலையில் சீதனம் வாங்கும் பெண்ணின் பெயர்தான் 1889இல் சீதனம் கொடுக்கும் தாய்க்கும். பேத்திக்குப் பாட்டி பெயர். பாட்டி 1741இல் கலியாணம் முடித்து, பேத்தி 1863இல் முடித்திருக்க முடியாது. ஓலை 1801–02 ஆம் ஆண்டுக்குரியது.

உங்கள் ஓலையின் காலத்தை எனக்குக் காட்டித் தந்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். அவர்களுடைய பிள்ளைகளுக்கு உறுதி இல்லை, அதனால் ஏணியும் இல்லை. உங்கள் வரைபடத்தில் அவர்களையும் எழுதுங்கள், எந்தக் கோட்டில் இணைப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கட்டைச் சுற்றியிருந்த மஞ்சள் பொலித்தீன் பையையும் படம் எடுத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்தவுடன் எனக்கு 1995 ஒக்டோபர் நினைவு வந்தது. வலிகாமம் முழுக்கப் போருக்குப் பயந்து ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது என் அம்மாவும் இப்படி ஒரு பையை மழைக்குப் பயந்து சட்டைக்குள் வைத்திருந்தார். நகை வேறொருவர் கையில் இருந்தது. உங்கள் அப்பம்மாவும் அதே பாலத்தால்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கடைசியாகச் சில வேலைகள். ஓலைகளைப் பிளாஸ்ரிக் உறையிட்டு ஒட்டிவிடாதீர்கள், நிமிர்த்தவும் முயலாதீர்கள், மரப்பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். 1889 உறுதியின் கடைசிப் பக்கத்தை மறுபடி படம் எடுங்கள். தாய் கையெழுத்துக்குப் பதிலாகப் புள்ளடி (X குறி) போட்ட இடத்துக்குக் கீழே அது யாருடைய அடையாளம் என்று நொத்தாரிசு எழுதியிருப்பார், அந்த வரி மடிப்பில் மறைந்துவிட்டது. இரண்டாவது ஓலையின் பின்பக்கத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கு வைத்து எடுத்து அனுப்புங்கள். மை தடவாத கீறல் எழுத்து ஏதோ அங்கே தெரிகிறது.