அப்பா தூங்கும்போது மூச்சைப் பிடித்து நடக்கிறேன்

கேள்வி: எனக்கு வயது 16. ராணுவத்தில் பணியாற்றிய என் அப்பா, சண்டை நடந்த பகுதியிலிருந்து திரும்பி 2 ஆண்டுகள் ஆகின்றன. தட்டு கீழே விழுந்தால்கூடத் திடுக்கிட்டு எழுந்து கத்துகிறார். பிறகு யாரோடும் பேசாமல் அறைக்குள் போய்விடுகிறார். இரவில் தாழ்ப்பாளை நான்கைந்து முறை சரிபார்க்கிறார். அவர் தூங்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். நான் இன்னும் கவனமாக இருந்தால் அவருக்குச் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது, மகளே. கேட்கக் கடினமாக இருந்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ எழுதியிருப்பவை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறின் அறிகுறிகளை ஒத்திருக்கின்றன. அதை உறுதிசெய்ய வேண்டியவர் மனநல மருத்துவர். முதல் உலகப் போரில் இதையொத்த நிலைக்கு ஆளானவர்களை ‘ஷெல் ஷாக்’ (குண்டுவெடிப்பு அதிர்ச்சி) என்றார்கள், சிலரைக் கோழைகள் என்றும் தூற்றினார்கள். இன்றைய பெயரோடு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது இடம்பெற்றது 1980-இல்தான். போர்முனையில் சிறு ஓசைக்கும் துள்ளி எழுந்ததே உன் அப்பாவின் உயிரைக் காத்திருக்கலாம். ஆபத்து நீங்கிய பிறகும் உடல் அந்தக் காவலைக் கைவிடவில்லை. ஆகவே தட்டு விழும்போது அவர் கத்துவதற்குக் காரணம் நீ அல்ல.

உறங்குபவரைத் தொட்டு எழுப்பாதே. கால்மாட்டில் சற்றுத் தள்ளி நின்று, “அப்பா, நான்தான்” என்று குரல் கொடு. அவர் அமைதியாக இருக்கும் ஒரு பொழுதில், “நீங்கள் கத்தும்போது எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்; போரில் என்ன நடந்தது என்று மட்டும் துருவாதே. அதை வெளியே கொண்டுவரப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்; அந்த நினைவுகளைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் உளவியல் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் பலருக்குப் பலன் தருகின்றன. சிகிச்சைக்கு அவரை இணங்கச் செய்வது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு, உன்னுடையது அன்று.

அவர் கை ஓங்கினாலோ, பொருள்களை வீசினாலோ அங்கே நிற்காதே. வெளியேறி, நம்பும் பெரியவர் ஒருவரிடம் உடனே சொல். சாவதைப் பற்றி அவர் பேசினால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாதே, அவசர உதவியை நாடு. இது அப்பாவைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

இன்னொன்று. உன் கடிதம் முழுவதும் அப்பாவே இருக்கிறார். உன் தூக்கம், படிப்பு, தோழிகள் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு நீ என்ன செய்கிறாய் என்பதும் இல்லை. பள்ளியில் ஆலோசகரோ, உனக்குப் பிடித்த ஆசிரியரோ இருந்தால், அந்த நேரத்தில் நீ என்ன செய்கிறாய் என்பதிலிருந்து அவரிடம் பேசத் தொடங்கு.